மூன்றரை மணித்தியால வந்தனோபசாரம்

நம்மவர் கூட்டங்களில் வந்தனோபசாரம் என்று ஒன்று உண்டு. நிகழ்ச்சி நிரலின் அடியிலே கிடப்பது அது. அக்கிராசனர் முடிவுரை சொல்லி அமர்ந்ததும் காரியதரிசி எழுவார். அவர் எழும்போதே சபையும் எழும். அவர் ஒலிவாங்கியை நோக்கி நடப்பார். சபை வாயிலை நோக்கி நடக்கும். ‘ஒலிபெருக்கி உதவிய அன்பருக்கும்’ என்னும் இடத்துக்கு அவர் வந்து சேரும்போது அந்த அன்பர் ஒருவரே மண்டபத்தில் எஞ்சியிருப்பார். அவரும் நன்றியைக் கேட்பதற்காக இருப்பவரல்லர். ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போவதற்காக இருப்பவர்.

முப்பது ஆண்டுகளாக இந்தக் காட்சியைக் கண்டு பழகியவன் நான். அந்தக் காரியதரிசியாகவும் பல தடவை இருந்திருக்கிறேன். ஆகையால், வந்தனோபசாரத்தைக் கேட்பதற்கென்றே ஆயிரக்கணக்கான பிரமுகர்கள் ஒரு மண்டபத்திற் கூடுகிறார்கள், அதனைப் பார்ப்பதற்காக உலகெங்கும் மக்கள் உறக்கத்தைத் துறக்கிறார்கள் என்று என் மகள் சொன்னபோது, அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்றே எண்ணினேன். அவள் சொன்னது ஒஸ்கார் விழாவை.

2025ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அந்த விழா நடந்தது. அங்கே ஞாயிறு பிற்பகல். இங்கே திங்கள் விடியற்காலை ஐந்தரை மணி. பாடசாலை நாள். ஆகவே மாலையில் வீடு வந்த பின்னர் மகளுடைய மடிக்கணினியிலே அதனைப் பார்த்தேன். அவள் பல்கலைக்கழகத்திற் பயில்பவள், சினிமா அறிந்தவள். நான் அறியாதவன். அறிந்தவர் ஒருவரும் அறியாதவர் ஒருவரும் அருகருகே இருந்து பார்த்தாற்றான் ஒரு காட்சி முழுமையாக விளங்கும். அறிந்தவருக்குப் பெயர்கள் தெரியும். அறியாதவருக்குக் கூத்துத் தெரியும்.

முதலில் வாயிற் காட்சி. நெடிய கம்பளம் ஒன்றின்மேல் நடிகையர் வருகிறார்கள். முன்னே வருபவர் நடிகை. பின்னே நாலு முழம் தள்ளி வருவது அவருடைய ஆடை. நடிகை உள்ளே போய் அமர்ந்த பின்னரும் ஆடை வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆடைக்கு உரியவர் யார் என்று ஒருவர் ஒலிவாங்கியை நீட்டிக் கேட்கிறார். உடுத்தியிருப்பவர்தாமே உரியவர் என்று நான் எண்ணினேன். அப்படியன்றாம். தைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டுமாம். பலர் அதனை இரவலாக வாங்கி உடுத்து வருகிறார்களாம். இரவல் உடையில் உலகம் முழுவதற்கும் முன்னே நின்று, ‘இது இரவல்’ என்று பெருமையோடு சொல்லும் துணிவு நம்மூரில் எவருக்கு உண்டு?

இந்த ஆடைப் பெருக்கத்துக்கு எதிர்ப்பக்கமும் அவ்விழாவின் வரலாற்றில் உண்டு. 1974ஆம் ஆண்டு விழாவில் டேவிட் நிவன் என்னும் நடிகர் மேடையிற் பேசிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் ஒரு மனிதர் ஆடையே இல்லாமல் ஓடினார். அவர் எவருடைய ஆடையை அணிந்திருந்தார் என்று எவரும் கேட்கவில்லை.

விழா தொடங்கியது. அதனை நடத்தியவர் கொனன் ஓ பிரையன் என்னும் நகைச்சுவையாளர். ‘நான் நேரத்தை வீணாக்கமாட்டேன்’ என்னும் கருத்தில் ஒரு பாட்டுப் பாடினார். ஆட்டமும் இருந்தது. நேரத்தை வீணாக்கமாட்டேன் என்பதற்குச் சில நிமிடங்கள் சென்றன. நம் அக்கிராசனர்கள் ‘சுருக்கமாகச் சொல்கிறேன்’ என்று தொடங்கும்போது நான் அடையும் அச்சத்தை அப்போதும் அடைந்தேன். அச்சம் பொய்க்கவில்லை. விழா மூன்றரை மணித்தியாலத்துக்கும் மேலே சென்றது.

விருதை அறிவிக்கும் வாசகத்தில் என் மனம் சென்று பற்றிக்கொண்டது. முன்னெல்லாம் ‘வென்றவர் இன்னார்’ என்று அறிவிப்பார்களாம். 1989ஆம் ஆண்டிலே அதனை மாற்றி, ‘ஒஸ்கார் இன்னாருக்குப் போகிறது’ என்று சொல்லத் தொடங்கினார்களாம். ஒருவரை வென்றவர் என்றால் மற்றையோர் தோற்றவர் ஆகிவிடுவரே என்ற இரக்கம்.

“பார் பிள்ளை, எழுவாய் மாறிவிட்டது. முன்பு மனிதர் எழுவாய். இப்போது பொம்மை எழுவாய். மனிதர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்” என்றேன்.

“அப்பா, கொஞ்சம் பேசாமல் இருங்கோவன்” என்றாள் மகள்.

பேசாமல் இருந்தேன். ஆனால் நினையாமல் இருக்க முடியவில்லை. நான்காம் வேற்றுமையின் பொருள்களை நன்னூலார் அடுக்கிச் சொல்கிறார். முதலில் வைத்தது கொடை. அதற்கு அடுத்தாற்போல வைத்தது பகை. பின்பு நேர்ச்சி, அதன் பின்பு தகவு. எத்தனையோ மாணவரை இதனை ஒப்புவிக்கச் செய்திருக்கிறேன். கொடைக்குப் பக்கத்திலே பகை வந்து குந்தியிருப்பதேன், தகவு தள்ளி நிற்பதேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அன்று மாலைதான் நினைத்தேன்.

கொடையிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது ஒஸ்கார் விழா 1929ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி ஹொலிவூட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் ஒரு விருந்தாக நடந்தது. வந்தவர்கள் ஏறக்குறைய 270 பேர். நுழைவுச் சீட்டு 5 டொலர். பரிசு பெறுவோர் யார் என்பது மூன்று மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். பரிசளிப்பு 15 நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவும் வாசித்தபோது, அந்த விழாவை நடத்தியவர் நம்மூர்ப் பாடசாலை ஒன்றுக்கு அதிபராக வந்திருக்கலாகாதா என்று ஏங்கினேன். அந்தப் 15 நிமிடம் வளர்ந்து வளர்ந்து 2002ஆம் ஆண்டில் 4 மணித்தியாலம் 23 நிமிடம் ஆயிற்று. பாட்டாலும் ஆட்டத்தாலும் விளம்பரத்தாலும் வளர்ந்தது என்பர். வந்தனோபசாரத்துக்கும் அதிற் பங்கு உண்டு.

1943ஆம் ஆண்டில் கிரியர் கார்சன் என்னும் நடிகை பரிசு பெற்று ஐந்தரை நிமிடம் நன்றி சொன்னார். அதன்பின் நன்றிக்கு எல்லை கட்டினார்கள். இப்போது 45 விநாடி. கடந்தால் வாத்தியக்காரர் வாசிக்கத் தொடங்கிவிடுவர். நாம் மணி அடிப்போம்; அவர்கள் வாத்தியம் வாசிக்கிறார்கள். செய்கை ஒன்றே, சங்கீதம் மட்டும் கூடுதல். 2025ஆம் ஆண்டில் ஏட்ரியன் புரோடி என்னும் நடிகர் வாயிற் போட்டுச் சப்பிக்கொண்டிருந்த பசையை எடுத்து எறிந்துவிட்டு மேடை ஏறினார். வாத்தியம் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார். இது தமக்குப் புதிதன்று, சுருக்கமாக முடிப்பேன் என்றார். சொல்லி, கார்சன் அம்மையாரையும் கடந்தார். எண்பத்திரண்டு ஆண்டு நின்ற எல்லைக்கல் ‘சுருக்கமாக’ என்ற ஒரு சொல்லாற் பெயர்ந்தது.

எவரெவருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று கவனித்தேன். தாய்க்கு, தந்தைக்கு, மனைவிக்கு, மக்களுக்கு. இவ்வளவும் சரி. பின்பு முகவருக்கு, வழக்கறிஞருக்கு. நம்மவர் வந்தனோபசாரத்தில் வழக்கறிஞருக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல நேர்ந்தால், அந்தச் சங்கம் வழக்கிற் சிக்கியிருக்கிறது என்று பொருள்.

அன்று எனக்கு மிகவும் பிடித்தவர் லத்வியா நாட்டு இளைஞர் ஒருவர். கின்ற்ஸ் சில்பலோடிஸ் என்று பெயர். ஒரு பூனை வெள்ளத்திலிருந்து தப்பிப் பிழைக்கும் கதையைச் சித்திரப் படமாக்கியிருக்கிறார். ‘ஃபுளோ’ என்பது படம். அதிலே ஒரு சொல்லும் இல்லை. சொல்லை வைத்தே வயிறு வளர்க்கும் என்போன்றோருக்கு அது ஒரு பாடம். அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒஸ்கார் அது. அவர் தாய்க்கும் தந்தைக்கும் நன்றி சொல்லிவிட்டுத் தம் பூனைகளுக்கும் நாய்களுக்கும் நன்றி சொன்னார். பூனை வேடத்தின் நுட்பத்தை அவருக்குப் படிப்பித்தவை அவைதாமே. ஆசிரியருக்கு நன்றி சொன்ன மாணவனாகவே அவர் எனக்குத் தோன்றினார்.

நன்றி நீண்டால் நாடகம். அறவே வெட்டினாலோ கொடுமை. 2023ஆம் ஆண்டில் ‘த எலிபன்ற் விஸ்பரர்ஸ்’ என்னும் விவரணப் படம் பரிசு பெற்றது. தமிழ்நாட்டு முதுமலைக் காட்டில், தாயை இழந்த யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் தம்பதியின் கதை. இயக்கியவர் கார்த்திகி கொன்சால்வஸ். தயாரித்தவர் குனீத் மொங்கா. இயக்குநர் பேசி முடித்தார். தயாரித்தவர் வாயைத் திறந்தார். வாத்தியம் முழங்கிற்று. அவ்வளவுதான். தனக்குச் சொல்லக் கிடைக்காமற்போன சொற்களைப் பற்றி அவர் பின்னர் வருந்திப் பேசினார். ஐந்தரை நிமிடம் ஒருவருக்கு. அரை நிமிடமும் இல்லை இன்னொருவருக்கு. 45 விநாடி என்பது எல்லாருக்கும் 45 விநாடியன்று.

குறைவாகச் சொல்லி நிறைவு செய்தவரும் உளர். ஆல்பிரட் ஹிச்கொக், சிறந்த இயக்குநருக்கான போட்டியில் ஐந்து முறை பெயர் குறிக்கப்பட்டும் ஒருமுறையும் பரிசு பெறாதவர். 1968ஆம் ஆண்டில் அவருக்கு வேறொரு சிறப்பு விருதைக் கொடுத்தார்கள். ஒலிவாங்கிக்கு முன் வந்து ‘மிக்க நன்றி’ என்னும் அளவிலே முடித்துக்கொண்டார். அந்தச் சுருக்கம் பணிவோ, கோபமோ? இரண்டும் ஒரு பாத்திரத்தில் இருந்தன என்றே நினைக்கிறேன். 2009ஆம் ஆண்டில் ஏ. ஆர். ரகுமான் ஒரே இரவில் இரண்டு விருது பெற்றபோது, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழிலே சொன்னார். அங்கே இருந்தவர்களுட் பெரும்பாலோருக்கு அது விளங்கியிராது. எனக்கு விளங்கிற்று. தமிழிலே சொன்னார் என்பதற்காக மட்டும் நான் மகிழவில்லை. பெற்றதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உடனே மேலே அனுப்பிவிட்டார் அல்லவா? நான்காம் வேற்றுமையில் நின்றவர் இன்னொரு நான்காம் வேற்றுமையைச் சுட்டிக் காட்டிவிட்டார்.

இனிப் பொம்மை. உயரம் 13½ அங்குலம். நிறை 8½ இறாத்தல். வாளை ஊன்றிப் படச்சுருளின்மேல் நிற்கும் வீரன். மேலே பொன், உள்ளே வெண்கலம். அதனைப் பெற்றவர் விற்க விரும்பினால் முதலிலே அக்கடமிக்கு 1 டொலருக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை உண்டு. நம் பரிசளிப்பு விழாவிலே கொடுக்கும் புத்தகத்தின் விலை அதனினும் அதிகம். இந்த விதியைக் கேட்டபோதுதான் அக்கடமியார்மேல் எனக்கு மரியாதை பிறந்தது. பரிசுக்கு விலை இல்லை என்பதை வசனத்திற் சொல்லாமற் கணக்கிலே சொன்னார்கள்.

அடுத்தது பகை. மகள் பழைய விழாக்களின் காட்சிகளையும் எடுத்துக் காட்டினாள். 2022ஆம் ஆண்டு விழா. கிறிஸ் றொக் என்னும் நகைச்சுவையாளர், சபையிலிருந்த வில் ஸ்மித் என்னும் நடிகருடைய மனைவியின் மழித்த தலையைப் பற்றிப் பரிகாசம் சொன்னார். அந்த அம்மையாருக்கு முடி உதிரும் நோய். கணவர் எழுந்தார், மேடை ஏறினார், பரிகாசம் செய்தவரைக் கன்னத்தில் அறைந்தார், இறங்கி வந்து ஆசனத்தில் அமர்ந்தார். அன்றிரவே சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் அவருக்குப் போயிற்று. சபை எழுந்து நின்று கரகோஷம் செய்தது. பிறகு அக்கடமியார் கூடி ஆராய்ந்து, பத்து ஆண்டுகளுக்கு அவர் விழாவுக்கு வரலாகாது என்று தடை விதித்தனர். பொம்மை அவரிடமே இருக்கிறது. பொம்மையை எழுவாயாக்கியதன் பயன் இது. போனது போனதுதான்.

பரிகாசம் சொன்னவருக்கும் அறைந்தவருக்கும் பிழை உண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தது சபையை. வள்ளுவர் அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் பேசுகிறவனுக்குச் சொன்னவை. பேசுகிறவன் அவையை அறிய வேண்டும். சரி. அவை தன்னை அறிய வேண்டாமா? அறையைக் கண்டு திகைத்த அதே கைகள் சற்று நேரத்தில் எழுந்து தட்டின. எதற்குத் தட்டுகிறோம் என்பதை அந்தக் கைகள் அறிந்திருந்தனவா?

இந்த வினாவே என்னைத் தகவுக்குக் கொண்டுவந்தது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமானிடம் பரிசில் பெறச் சென்றார். அதியமான் அவரைக் காணாமலே பரிசிலை அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். வறியவர்தாம். ஆயினும் முகம் பார்க்காமற் கொடுப்பது கொடையன்று என்பது அவருடைய கணக்கு. ஹொலிவூட்டில் ஒரு பெண்மணிக்கு முகத்தைப் பார்த்தே கொடுத்தார்கள். இடத்தைத்தான் கொடுக்கவில்லை.

ஹற்றி மக்டானியல் என்பது அவர் பெயர். கறுப்பினத்தவர். ‘கோன் வித் த வின்ட்’ என்னும் படத்திலே பணிப்பெண்ணாக நடித்துச் சிறந்த துணை நடிகைக்கான பரிசைப் பெற்றார். அவருடைய இனத்தவருள் முதன்முதல் ஒஸ்கார் பெற்றவர் அவரே. 1940ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்சிலுள்ள அம்பாசடர் ஹோட்டலில் விழா. கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்காத ஹோட்டல் அது. தயாரிப்பாளர் விசேடமாகக் கேட்டுக்கொண்டபடியால் அவரை உள்ளே விட்டார்கள். உடன் நடித்தவர்கள் ஒரு மேசையில் இருந்தார்கள். அவருக்குச் சுவர்ப்பக்கமாக வேறொரு சிறு மேசை. அங்கிருந்து எழுந்து வந்து பரிசைப் பெற்றார். கண் கலங்க நன்றி சொன்னார். மீண்டும் அந்தச் சிறு மேசைக்கே போனார்.

மதுரைச் சங்கப்பலகையைப் பற்றி ஒரு கதை உண்டு. தகுதியுடைய புலவன் வந்தால் அந்தப் பலகை தானே நீண்டு இடங்கொடுக்குமாம். கதைதான். ஆனால் எத்தகைய கதை! பொன்னைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. இருக்க இடங்கொடுத்ததே பரிசு. 1940ஆம் ஆண்டின் பலகை நீளவில்லை. பரிசைக் கொடுத்தது, இடத்தைச் சுருக்கிக்கொண்டது. அந்த அம்மையார் பெற்ற விருது பிற்காலத்திலே ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்து காணாமற்போயிற்று. 2023ஆம் ஆண்டில் அக்கடமியார் அதற்குப் பதிலாக இன்னொன்றைச் செய்து அப்பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். பொம்மைக்குப் பதில் பொம்மை கொடுக்கலாம். அந்த ஓரிரவு ஆசனத்துக்குப் பதில் ஆசனம் எங்கே இருக்கிறது?

பிந்தியாவது பலகை நீண்டதும் உண்டு. அதையும் சொல்லவேண்டும். சாப்ளின் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அந்நாட்டு அரசு நீக்கிவிட்டது. இருபது ஆண்டு கழித்து, 1972இல், சிறப்பு ஒஸ்கார் கொடுக்க அவரை அழைத்தார்கள். சபை எழுந்து நின்றது. 12 நிமிடம் கரகோஷம் ஓயவில்லை என்பர். பேசாப் படத்தின் பேரரசர் பேச வந்து, சொற்கள் பயனற்றுப்போகின்றன என்ற கருத்திலே ஏதோ சொல்லித் தழுதழுத்தார். அதுவரை என் பிள்ளைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நானும் பேசவில்லை. அந்தப் 12 நிமிடமும் சபை சொன்ன வந்தனோபசாரம். வெறும் நன்றியன்று, அதற்குள்ளே மன்னிப்பும் இருந்தது.

கடைசியாக மகள் காட்டியது 2017ஆம் ஆண்டு விழா. “இதைப் பார்த்தியள் எண்டால் சிரிப்பியள்” என்றாள்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1934ஆம் ஆண்டில் சிறந்த இயக்குநருக்கான பரிசை அறிவித்த வில் றொஜர்ஸ், ‘வந்து பெற்றுக்கொள், பிராங்க்’ என்று அழைத்தார். பிராங்க் கப்ரா எழுந்து மேடையை நோக்கி நடந்தார். பரிசுக்கு உரியவர் பிராங்க் லொயிட். கப்ரா நடுவழியிலே நின்று, கூனிக் குறுகித் தம் மேசைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டிலே அந்தப் பரிசு அவருக்கே கிடைத்தது என்பது பெரிய ஆறுதல். ஒரு பெயரில் இருவர் இருக்கும் வகுப்பிலே இடாப்புக் கூப்பிட்ட எந்த உபாத்தியாயருக்கும் இந்த விபத்து விளங்கும்.

2017இல் நடந்தது அதனினும் பெரிது. இரவின் கடைசிப் பரிசு, சிறந்த படத்துக்குரியது. வொறன் பீற்றி, ஃபே டனவே என்னும் மூத்த நடிகர் இருவர் அறிவிக்க வந்தனர். மேடையின் இருபக்கத்திலும் கணக்காளர் இருவர் ஒரேமாதிரியான உறைகளை வைத்துக்கொண்டு நிற்பது வழக்கம். சற்று முன்பு சிறந்த நடிகைக்குக் கொடுத்த பரிசின் மறுபிரதி உறை ஒன்று மிஞ்சியிருந்தது. அதனைக் கைமாறிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் சற்று முன்னே அந்த நடிகையின் படத்தைக் கைபேசியிலே எடுத்து ஊருக்குப் பரப்பிக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்த பீற்றி விழித்தார், தயங்கினார், தாளைத் துணைவரிடம் காட்டினார். அவர் அதிற் கண்ட ‘லா லா லான்ட்’ என்ற படப்பெயரை வாசித்துவிட்டார். அந்தப் படத்தார் மேடையை நிறைத்தனர். நன்றியுரைகள் நடந்தன. தாய்க்கும் மனைவிக்கும் நன்றி சொல்லப்பட்டது. அப்போதுதான் உண்மை வெளியாயிற்று.

அதன்பிறகு அவர்கள் செய்த சீர்திருத்தம் என்ன? கணக்காளர் கைபேசி வைத்திருக்கலாகாது. எல்லாப் பெறுபேறுகளையும் மனனம் செய்த மூன்றாவது கணக்காளர் ஒருவர் இருக்க வேண்டும். கைபேசித் தடையை நம் பரீட்சை மண்டபங்களும், மனனத்தை நம் திண்ணைப் பள்ளிகளும் அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தன.

நான் சிரிக்கத்தான் இருந்தேன். ஆனால் அடுத்து நடந்ததைக் கண்டபோது சிரிப்பு வரவில்லை. ‘லா லா லான்ட்’ தயாரிப்பாளருள் ஒருவர் ஜோர்டன் ஹொறோவிற்ஸ். நன்றி சொல்லி முடித்தவர். பொம்மை அவர் கையில் இருக்கிறது. அவரே ஒலிவாங்கிக்கு முன் வந்தார். பிழை நடந்துவிட்டது, வென்றது ‘மூன்லைட்’, இது பகிடியன்று என்றார். சரியான தாளை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடித்தார். தம் நண்பர்களுக்கு இதனைக் கையளிப்பதிலே பெருமைப்படுகிறேன் என்றார். பீற்றியும் ஒளிக்கவில்லை. உறைக்குள்ளே வேறு பெயர் இருந்தது, அதனாலேயே நான் தயங்கினேன், வேடிக்கைக்காக அன்று என்று சபைக்கு முன்னே விளக்கம் சொன்னார்.

அறிவித்தவர் விளக்கம் சொன்னார். அந்த இடத்திலே என்னை ஒரு பழைய நினைவு வந்து பிடித்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலை ஒன்றிலே பரிசளிப்பு விழா. பெயர் வாசிப்பவன் நான். எட்டாந் தரத்துத் தமிழ்ப் பரிசு. அந்த வகுப்பில் ஒரே பெயருடையவர் இருவர். முதலெழுத்து மட்டும் வேறு. என் கையெழுத்தை நானே பிழையாக வாசித்தேன். பெயருக்குரிய பையன் எழுந்து வந்தான். அதற்குமுன் ஒரு பரிசும் பெற்றறியாதவன். பின்வரிசையில் அவனுடைய தாய் எழுந்து நின்றதை மேடையிலிருந்து கண்டேன். பிரதம விருந்தினரிடம் புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்போது கீழேயிருந்து வகுப்பாசிரியர் கைகாட்டினார். எனக்கு விளங்கிற்று. ஒலிவாங்கி என் முன்னே இருந்தது.

“நீ இல்லை. புத்தகத்தை வைத்துவிட்டுப் போ. பெயர் வாசிக்கும்போது கவனமாகக் கேட்க வேண்டும்” என்றேன்.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பையன் புத்தகத்தை மேசையில் வைத்தான். வந்த வழியாற் போகவில்லை. பக்கப் படியால் இறங்கிப் போனான். தாய் எப்போது அமர்ந்தார் என்பதை நான் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் வேறூருக்குப் போய்விட்டார்கள்.

முதலெழுத்தைப் பிழையாக வாசித்தவன் நான். கவனமாக இருக்கும்படி உபதேசம் பெற்றவன் அவன். அவன் நன்றாகவே கேட்டான். நான் வாசித்த பெயர் அவனுடைய பெயர்தான். பிழை என்னுடையது என்னும் இரண்டு சொற்களைச் சொல்ல 45 விநாடி வேண்டியதில்லை. இரண்டு விநாடி போதும். அவற்றைச் சொல்லாமல் இருபது ஆண்டு கழித்தேன்.

பரிசு கொடுக்கும்போது பெறுகிறவனைச் சபை அளக்கிறது என்று நினைக்கிறோம். பரிசுதான் சபையை அளக்கிறது. சிறு மேசையும், காரணம் அறியாத கரகோஷமும், ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் அந்த அளவையிலே நிறுக்கப்படுகின்றன. இவ்விழாவின் ஆடைகளையும் கண்ணீரையும் பார்த்துச் சிரிக்க வந்தவன் நான். சிரித்தேன், அதிலே குற்றமில்லை. ஆனால் உலகமே பார்த்திருக்க ஒரு பெரிய பிழை நடந்தபோது, அதனை ஏற்றுக்கொள்ளவும் திருத்தவும் அந்த மேடைக்குத் தெரிந்திருந்தது. முந்நூறு பேர் இருந்த என் மேடைக்குத் தெரியவில்லை.

இப்போது பெயர் வாசிக்கும்போது முதலெழுத்தையும் தரத்தையும் பிரிவையும் இருமுறை வாசிக்கிறேன். மாணவர் இது பண்டிதரின் வழக்கம் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வந்தனோபசாரத்தோடு முடிப்பது முறை. அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயதிருக்கும். எங்கே இருக்கிறானோ, இந்தப் பக்கத்தைப் பார்ப்பானோ அறியேன். வாயிலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்ட அன்பர்கள் ஒரு கணம் நின்று கேட்க வேண்டும். ஏனெனில் அன்று சபையறியச் சொன்னதை இன்றும் சபையறியவே திருத்த வேண்டும். தம்பி, அன்று பிழை விட்டவன் நான்.